தண்ணீரில் பொட்டாசியம்: வரம்புக் கட்டத்தில் ஏன் வெறும் கோடு?

பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் எங்கள் அபார்ட்மெண்ட். மொத்தம் 64 வீடு, அதில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். இரண்டு போர்வெல், வாரத்தில் சில நாள் காவேரித் தண்ணீர், மார்ச் பிறந்துவிட்டால் டேங்கர். போன கோடைக்கு முன்னால் சங்கத்தில் முடிவெடுத்து, போர் தண்ணீரை ஒரு லேபுக்குச் சோதனைக்கு அனுப்பினோம். அறிக்கை வந்த அன்றைக்கே அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

அறிக்கையில் மூன்று கட்டங்கள். பொருளின் பெயர், நம் தண்ணீரில் இருக்கும் அளவு, அனுமதிக்கப்பட்ட வரம்பு. எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். கடினத்தன்மை 420, வரம்பு 200, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை. நைட்ரேட் 38, வரம்பு 45. இப்படியே போய், கீழே ஒரு வரியில் பொட்டாசியம், லிட்டருக்கு 6 மில்லிகிராம். அதற்கு நேரே வரம்புக் கட்டத்தில் எண் இல்லை. ஒரு சின்னக் கோடு.

அந்தக் கோட்டை வைத்துக் குழுவில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "லிமிட்டே போடலைன்னா துளிகூட இருக்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்றது ஒன்று. "லிமிட் இல்லைன்னா எவ்வளவு வேணும்னாலும் இருக்கலாம்னுதானே?" என்றது இன்னொன்று. நடுவில் மூன்றாம் மாடி அண்ணன் ஒருவர் தன் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தையும் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அவருக்குக் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல்; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு அது. "ரத்தத்துல பொட்டாசியம் 5-ஐத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. தண்ணியிலயே 6 இருக்கே தம்பி!"

நியாயமான பயம்தான், ஆனால் கணக்கு வேறு. ரத்தத்தில் சொல்லும் 5, மில்லிமோல் என்ற அலகில் வருவது. ஒரு மில்லிமோல் பொட்டாசியம் என்றால் 39 மில்லிகிராம். ஆக, ரத்தத்தின் 5 என்பது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 195 மில்லிகிராம். தண்ணீரின் 6 வெறும் 6 மில்லிகிராம். எண் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று கிலோமீட்டர், இன்னொன்று அடி மாதிரி. இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்சம் அமைதியானார். ஆனால் அவர் கவலையில் வேறொரு உண்மை ஒளிந்திருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சாம்பலில் இருந்து வந்த பெயர்

பொட்டாசியம் ஓர் உலோகம். 1807-இல் ஹம்ப்ரி டேவி என்ற இங்கிலாந்து வேதியியலாளர், உருக்கிய காரத்தில் மின்சாரம் பாய்ச்சி இதைத் தனியாகப் பிரித்தார். தூய பொட்டாசியத்தைக் கத்தியால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். தண்ணீரில் போட்டால் ஊதாச் சுடரோடு பற்றிக்கொள்ளும். யூடியூபில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதுவா நம்ம தண்ணியில இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. குழாய்த் தண்ணீரில் இருப்பது கரைந்த உப்பின் ஒரு பாதி. அதை அயனி என்பார்கள். சாப்பாட்டு உப்பில் சோடியம் எப்படி அமைதியாக இருக்கிறதோ அப்படித்தான் இதுவும்.

விறகுச் சாம்பலைப் பானையில் நீர் ஊற்றிக் கரைத்து, வடித்து, வற்றவைத்தால் வெள்ளையாக ஒரு காரம் மிஞ்சும். 'பானைச் சாம்பல்' என்ற பொருளில் ஐரோப்பாவில் அதற்கு வைத்த பெயர் பொட்டாஷ். அதிலிருந்து வந்ததுதான் பொட்டாசியம். நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் தேய்த்தபோது எண்ணெய்ப் பிசுக்கு போனதற்கு அந்தக் காரமும் ஒரு காரணம்.

பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொட்டாசியம் சயனைடில் ஆளைக் கொல்வது சயனைடு. பொட்டாசியம் பாவம், கூட வந்தது. கிணற்றில் போடும் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிருமியைக் கொல்வது பெர்மாங்கனேட். கலங்கல் தண்ணீரில் போட்டுச் சுழற்றும் படிகாரம் இருக்கிறதே, அந்தப் பொட்டாஷ் படிகாரத்தின் எடையில் சுமார் 8 சதவீதம் பொட்டாசியம்தான். 15 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் போட்டாலும் லிட்டருக்கு 3 மில்லிகிராம்கூட ஏறாது.

உடம்புக்கு இது கட்டாயம் வேண்டும். நரம்பில் செய்தி ஓடுவதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் தாளம் தப்பாமல் அடிப்பதும் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம் என்ற ஏற்பாட்டை நம்பித்தான் நடக்கிறது. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் மிதப்பது சொற்பம், ஆனால் அந்தச் சொற்பம் 3.5-க்கும் 5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் முதலில் தடுமாறுவது இதயமும் தசையும். சாப்பாட்டில் கூடுதலாக வந்ததைக் கணக்குப் பார்த்துச் சிறுநீரில் அனுப்புவது சிறுநீரகத்தின் வேலை.

சரி, எவ்வளவு வேண்டும்? வயது வந்தவர்கள் நாளுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் சாப்பாட்டின் வழியாகப் பெற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 சொச்சம். நூறு கிராம் உருளைக்கிழங்கிலும் அதே அளவு. ஒரு தம்ளர் இளநீரில் 500 பக்கம். இப்போது எங்கள் போர் தண்ணீருக்கு வாருங்கள். நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் வருவது 12 மில்லிகிராம். அதாவது, நாள் முழுக்கக் குடித்த தண்ணீர் ஒரு டீஸ்பூன் இளநீருக்குச் சமம்.

கோட்டின் அர்த்தம் இதுதான். சாதாரணமாகக் குடிநீரில் கிடைக்கும் அளவு யாருக்கும் தொந்தரவு தருவதில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனம் பொட்டாசியத்துக்கு ஆரோக்கிய அடிப்படையில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இலும் பொட்டாசியத்துக்கு எண் கிடையாது. வைக்கத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். துளிகூடக் கூடாது என்பதும் இல்லை, எவ்வளவானாலும் சரி என்பதும் இல்லை. "சாதாரணமாக" என்ற சொல்லில்தான் சூட்சுமம்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் செல்லும். "ஆர்ஓ போட்டால் பொட்டாசியம் எல்லாம் போயிடுமே, குறைபாடு வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்ஓ அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும், உண்மை. எடுத்தது ஒரு டீஸ்பூன் இளநீர். மதியம் ஒரு கரண்டி கீரை கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

பாறை கொடுப்பதும், பக்கத்து மனை கொடுப்பதும்

பெங்களூரு உட்கார்ந்திருப்பது பழைய பாறையின் மேல். லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது. அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். இந்த வகைப் பாறையில் ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் உண்டு. இரண்டிலும் பொட்டாசியம் இருக்கிறது. அப்படியானால் போர்வெல் தண்ணீரில் அது கொட்டிக் கிடக்க வேண்டாமா? கிடக்காது. அந்தக் கனிமங்கள் லேசில் கரைவதில்லை. கரைந்து வரும் கொஞ்சத்தையும் களிமண் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் சோடியமும் கால்சியமும் நூறு நூறாக இருக்கும் தண்ணீரிலும் பொட்டாசியம் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தோடு நின்றுவிடுகிறது.

இதிலிருந்து ஒரு பயன் உண்டு. இயல்பாகக் குறைவாக இருக்க வேண்டிய ஒன்று, திடீரென்று ஒரு போர்வெல்லில் 30, 40 என்று ஏறியிருந்தால், அந்தப் பொட்டாசியம் உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மனிதச் சிறுநீரில் பொட்டாசியம் நிறைய. தோட்டத்துக்கும் வயலுக்கும் போடும் உரத்திலும் நிறைய. பாதாளச் சாக்கடை வராத புது லேஅவுட்டுகளில் பக்கத்து மனையின் கழிவுநீர்க் குழி நம் போர்வெல்லுக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. பொட்டாசியம் ஏறியிருந்தால் உடனே நைட்ரேட் வரியைப் பாருங்கள், கிருமிச் சோதனையையும் செய்யுங்கள்.

நைட்ரேட்டுக்கு 45 என்ற வரம்பு உண்டு. அதைத் தாண்ட ஐஎஸ் 10500 சலுகையே தருவதில்லை. காரணம், கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் தண்ணீரில் நைட்ரேட் கூடினால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அளவு சற்றுக் கூடவே செய்யும். எங்கள் அறிக்கையில் நான் கவலைப்பட்ட வரி அந்த 38-தான். ஆனால் அதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எண் வரம்புக்குள் இருந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை.

உப்பு மூட்டையில்தான் விஷயம்

இனிமேல்தான் அந்த மூன்றாம் மாடி அண்ணனின் கவலைக்கு வருகிறேன்.

போர் தண்ணீர் வரும் அபார்ட்மெண்ட் எதிலும் சம்ப் பக்கத்தில் ஒரு பெரிய உருளைத் தொட்டியும், சுவரோரம் உப்பு மூட்டைகளும் இருக்கும். அதுதான் சாஃப்ட்னர். கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும். குழாயில் வெள்ளை படிவதும், கீசர் சீக்கிரம் கெடுவதும், தலைமுடி விளக்குமாறாவதும் அதனால்தான். சாஃப்ட்னர் அதை எப்படி எடுக்கிறது?

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் கிளம்பும் ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இரட்டை இருக்கை ஒவ்வொன்றிலும் இரண்டு மாணவர்கள். வழியில் பெரிய மூட்டையோடு ஒருவர் ஏறுகிறார். அவருக்கு இரண்டு இடமும் வேண்டும். மாணவர்கள் இருவரும் எழுந்து இறங்கிவிடுகிறார்கள். தொட்டிக்குள் இருக்கும் ரெசின் மணிகள்தான் பஸ். மூட்டைக்காரர் கால்சியம். இறங்கிப் போகும் இரண்டு மாணவர்களும் சோடியம். அவர்கள் இறங்குவது நம் குடிதண்ணீரில். பஸ் முழுக்க மூட்டைக்காரர்கள் நிறைந்துவிட்டால், அடர்த்தியான உப்புத் தண்ணீரை விட்டு அலசுவார்கள். மாணவர் கூட்டம் மொத்தமாக ஏறி மூட்டைக்காரர்களைச் சாக்கடைக்குத் தள்ளிவிடும். மறுபடி முதலிலிருந்து.

சாஃப்ட்னர் தண்ணீரிலிருந்து உப்பைக் குறைப்பதில்லை, ஆளை மாற்றுகிறது. அதனால்தான் தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவான டிடிஎஸ்ஸைப் பற்றி, "சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையலையே" என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்கிறார். குறையாது. கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைத்தான் அளக்கிறது. ஓடவைத்தது கால்சியமா, சோடியமா, பொட்டாசியமா என்று அதற்குத் தெரியாது.

பெரும்பாலும் இங்கே போடுவது சாதா உப்புதான், சோடியம் குளோரைடு. எங்கள் தண்ணீரின் 420 கடினத்தன்மையை முழுதாக எடுத்தால் லிட்டருக்கு 190 மில்லிகிராம் சொச்சம் சோடியம் கூடும். அந்தத் தண்ணீர் 2 லிட்டர் குடித்தால், கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு தின்ற கணக்கு. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பதுதான் பொதுவான அறிவுரை. ஆகவே கூட்டத்தில் ஒருவர், "நம்ம வீடுகள்ல பாதிப் பேருக்கு பிபி. சோடியம் உப்புக்குப் பதிலா பொட்டாசியம் உப்பு போடலாமே? அலசிவிடுற தண்ணி செடிக்கும் நல்லதாம்" என்றபோது அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. பொட்டாசியம் குளோரைடும் அதே வேலையைச் செய்யும். விலை பல மடங்கு, ஆனால் வேலை செய்யும். ஏறக்குறைய எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள்.

இப்போது மாணவர்களுக்குப் பதில் பஸ்ஸில் பொட்டாசியம். கடினத்தன்மையில் ஒவ்வொரு 100-க்கும் லிட்டருக்குச் சுமார் 78 மில்லிகிராம் பொட்டாசியம் இறங்கும். 420-க்குக் கணக்குப் போட்டால் 330 பக்கம். 6 இருந்த இடத்தில் 330. நாளுக்கு 2 லிட்டரில் 660 மில்லிகிராம், அதாவது ஒன்றரை வாழைப்பழம். சோறு, சாம்பார், காபி என்று சமையலில் சேரும் தண்ணீர் தனி.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு இந்த ஒன்றரை வாழைப்பழம் ஒரு பொருட்டே இல்லை. வந்ததை அனுப்பிவிடும். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அனுப்பும் வேலை மெதுவாக நடக்கும். பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கத் தொடங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டரும் உணவு ஆலோசகரும் வாழைப்பழத்தையும் இளநீரையும் எண்ணி எண்ணித்தான் அனுமதிப்பார்கள். தட்டில் எண்ணிக் குறைத்ததைக் குழாய் யாரையும் கேட்காமல் ஊற்றிக்கொண்டிருந்தால்? இதில் மோசம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது வெளியே தெரியாமலே நடக்கலாம். தசை பலவீனம், படபடப்பு என்று சிலருக்கு வரும்; சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும்வரை ஒன்றுமே தெரியாது. ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும்தான் சொல்லும்.

யார் யார் கவனிக்க வேண்டும்? சிறுநீரக நோயாளிகள், இதயம் பலவீனமானவர்கள், அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு உள்ளவர்கள். நீண்ட நாள் சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள். வயதானவர்களும் கைக்குழந்தைகளும், அவர்கள் சிறுநீரகத்துக்கு அவ்வளவு தெம்பு இருக்காது. அப்புறம், பலர் யோசிக்காத ஒரு கூட்டம்: சில பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கக்கூடியவை. நல்ல மருந்துகள், இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது, "எங்க வீட்டுத் தண்ணி சாஃப்ட்னர்ல வருது, அதுல பொட்டாசியம் உப்பு போடறாங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். மூன்றாம் மாடி அண்ணன் சாப்பிடுவது டெல்மிசார்டன். கிரியாட்டினினும் கூடுதல். பிபி-க்கு நல்லது என்று நாங்கள் வாங்கப்போன மூட்டை, எங்கள் கட்டடத்திலேயே யாருக்கு ஆகாதோ அவர் வீட்டுக் குழாய்க்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

கடையில் 'குறைந்த சோடியம்' என்று போட்டு விற்கும் சமையல் உப்பும் இதே கதைதான். சோடியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய உப்புக்கு மாறுவதை வயது வந்தவர்களுக்குப் பரிந்துரைத்தது. கூடவே அந்தப் பரிந்துரை குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பொருந்தாது என்றும் சொன்னது. பாதிச் செய்திதான் குழுக்களில் சுற்றியது.

டயாலிசிஸ் செய்யும் இடங்களில் இந்த விஷயத்தில் எவ்வளவு கறார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு முறை டயாலிசிஸுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும். அது மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அந்தப்பக்கம் நோயாளியின் ரத்தத்தை ஒட்டியே ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் பொட்டாசியம் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குடிநீருக்கு எண்ணே இல்லாத பொருளுக்கு அங்கே எண் உண்டு. குடித்தால் குடலும் சிறுநீரகமும் நடுவில் நிற்கின்றன. அங்கே நிற்பது ஒரு சவ்வு மட்டும்.

இனி வீட்டில் என்ன செய்வது என்ற கேள்வி. முதலில் செக்யூரிட்டியிடமோ பிளம்பரிடமோ சாஃப்ட்னருக்கு எந்த உப்பு போடுகிறார்கள் என்று கேளுங்கள். மூட்டையின் மேலேயே எழுதியிருக்கும். சோதனைக்கு அனுப்பும்போது போர்வெல் தண்ணீர் ஒரு பாட்டில், சமையலறைக் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில் என்று இரண்டாக அனுப்புங்கள். நாங்கள் முதல் முறை போர்வெல் மட்டும் அனுப்பினோம்; வீட்டுக்குள் என்ன வருகிறது என்பது அதில் தெரியவே தெரியாது. வீட்டில் ஆர்ஓ இருந்தால், சாஃப்ட்னர் சேர்த்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அதில் நின்றுவிடும். ஆனால் பல வீடுகளில் ஆர்ஓ தண்ணீர் குடிக்க மட்டும்தான். அரிசி வேகுவது குழாய்த் தண்ணீரில். யுவி விளக்கு, கார்பன் வடிகட்டி, மண்பானை, கொதிக்க வைப்பது எதுவும் பொட்டாசியத்தைத் தொடாது. காவேரித் தண்ணீர் போர் அளவுக்குக் கடினமில்லை. அதைச் சாஃப்ட்னருக்குள் விடவே தேவையில்லை.

நாங்கள் கடைசியில் சாதா உப்பிலேயே நின்றுவிட்டோம். ஆனால் பிளம்பரைக் கூப்பிட்டு, காவேரி வரும் குழாயைச் சாஃப்ட்னருக்கு வெளியே திருப்பி, தனி டேங்க் வைத்து, சமையலறைகளுக்கு மட்டும் ஒரு லைன் இழுத்தோம். செலவைப் பற்றி இன்றுவரை சண்டை ஓயவில்லை. அந்தக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மூன்றாம் மாடி அண்ணன் தோளைத் தொட்டார்.

"தண்ணி சரி தம்பி. கேட்டுக்குப் பக்கத்துல வண்டியில மத்தூர் இளநீர் விக்கிறானே, தினம் ஒண்ணு குடிக்கிறேன். அதுக்கு என்ன கணக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாதுண்ணா. நாளைக்கே போய் டாக்டர்கிட்ட கேளுங்க."